கல்லேரித் தண்ணீர்

கல்லேரிப்பட்டி,
9-11-1975

சேசு மரி சூசை துணை நிற்க.

அன்புத் தம்பி அருள்சாமிக்கு அக்கா பாக்கியமேரி எழுதுவது. தருமபுரியில் நீயும் ஆரோக்கியமும் நாலு பிள்ளைகளும் காய்ச்சல் தலைவலி அண்டாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் மகள் மிக்கேலம்மாளும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

போன வாரம் நம் எருமை செத்துப்போய்விட்டது. ஏரியில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து கொட்டகையில் படுத்தது. வாயில் நுரை தள்ளியது. நான் ஓடிப்போய் உன் மாமாவைக் கூட்டி வருவதற்குள் கண் சொருகிவிட்டது. சினை எருமை. அதைப் புதைக்கக் குழி வெட்டிவிட்டு வந்தவர் அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை.

பெரியநாயகம் சித்தப்பா ஏரிக்கு மேல்கரையில் சவ்வரிசி ஆலை போட்ட பிறகு நீ ஒரே ஒரு தடவைதான் ஊருக்கு வந்தாய். அதுவும் நல்ல மழைக்காலம். இப்போது வந்து பார். குச்சிக்கிழங்கு கழுவின தண்ணீர், தோல் சீவின அழுக்கு, மாவு வடித்த பிறகு மிஞ்சுகிற புளித்த தண்ணீர் எல்லாம் ஒரே கால்வாயில் ஏரிக்குள் வந்து விழுகிறது. ஆறிப்போன கஞ்சியின் மேல் ஆடை படிகிற மாதிரி ஏரி முழுக்க ஆடை படிந்திருக்கிறது. கல்லை விட்டெறிந்தால் ஆடை கிழிந்து உள்ளேயிருந்து கறுப்பாகக் குமிழி வருகிறது. கெண்டையும் கெளுத்தியும் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையில் ஒதுங்கின. காக்கைகூடக் கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டுப் போகிறது. கதவைச் சாத்தினாலும் நாற்றம் உள்ளே வந்து சோற்றுப் பானையில் உட்கார்ந்துகொள்கிறது.

மிக்கேலுக்கு முழங்காலுக்குக் கீழே சொறி. சொறிந்து சொறிந்து நீர் வடிகிறது.

நீ சுகாதார இலாகாவில் இன்ஸ்பெக்டர். ஊர் ஊராகக் கிணற்றுக்கு மருந்து போடுகிறவன். இந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் அதற்கு மேல் ஆலைக்காரர் வாய் பேச முடியாது என்று உன் மாமா சொல்கிறார். எப்போது வருகிறாய்?

இன்னொன்று. மிக்கேலுக்கு ஐந்து வயது முடியப்போகிறது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தங்கவில்லை. வருகிற வருஷமாவது அவளுக்கு ஒரு தம்பி பிறக்க வேண்டும் என்று ஆரோக்கியத்தை வேண்டிக்கொள்ளச் சொல்.

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா பாக்கியமேரி

*

தருமபுரி,
14-12-1975

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் ஆண்டவர் கிருபையால் சுகம். சின்னவனுக்கு மட்டும் சளி. எருமையைப் பற்றி வருத்தப்பட்டேன். மிக்கேலுக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன். காலை மாலை பூசுங்கள்.

தண்ணீர்ப் பரிசோதனை என்பது நினைத்தவுடன் செய்கிற காரியமில்லை. பஞ்சாயத்திலிருந்து மனு வர வேண்டும், அது மேலே போக வேண்டும். சொந்த ஊர் விஷயத்தில் நானே தலையிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். சித்தப்பாவும் நமக்கு வேற்று ஆள் இல்லை. கோயிலுக்கு மணிக்கூண்டு கட்டிக்கொடுத்தவர். நம் ஊரில் எத்தனை குடும்பத்துக்கு அந்த ஆலை சோறு போடுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

அக்கா, நான் தினமும் கிராமங்களுக்குப் போகிறவன். உண்மையான வியாதி வேறு. ஜனத்தொகை. நம் மேட்டுத்தெரு தீர்த்தம்மாளையே பாருங்கள். ஆறு பிள்ளைகள். குடிசையில் நிற்க இடமில்லை. அவளைப் போன்றவர்கள் கரட்டில் ஏறி விறகு வெட்டி வெட்டித்தான் மலை மொட்டையாகி, மழையும் குறைந்து, ஏரியில் தண்ணீர் நிற்பதில்லை. நிறையத் தண்ணீர் இருந்தால் ஆலையின் அழுக்கு கரைந்து போயிருக்கும். ஏழைகள் பெருகப் பெருக நாடு அழுக்காகும் என்று எங்கள் பயிற்சி வகுப்பில் படம் போட்டே காட்டினார்கள். பெற்றுக்கொள்வதைக் குறைத்தால் எல்லாம் தானாகச் சரியாகும்.

மாமாவுக்கு என் வணக்கம்.

தங்கள் தம்பி,
அருள்சாமி

*

கல்லேரிப்பட்டி,
18-1-1976

தம்பி அருள்சாமிக்கு,

பொங்கல் கழிந்தது. உன் வீட்டில் எல்லோரும் நன்றாயிருக்க ஆசீர்வாதம். களிம்பு பூசினேன். பூசின இடம் ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று வருகிறது.

உன் கடிதத்தை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து வயலுக்குப் போய்விட்டார். எனக்கு அப்படிப் போகத் தெரியாது. தீர்த்தம்மாள் கரட்டுக்குக் கிளம்பும்போது நானும் அவள் பின்னால் போனேன்.

"அக்கா, நீங்க எதுக்கு இந்த முள்ளுல வர்றீங்க?" என்று கேட்டாள்.

"கரட்ட நீதான் மொட்ட அடிச்சிட்டேன்னு என் தம்பி எழுதியிருக்கான். பார்க்கலாம்னு வந்தேன்" என்றேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. சிரித்தாள். "என் வூட்டு அடுப்புக்கு நாலு சுள்ளி போதுங்கக்கா. ஒலையில போட அரிசி இருந்தாத்தான அதுவும் வேணும்? இந்தக் கட்டெல்லாம் ஆலைக்கு. சவ்வரிசி வறுக்கற அடுப்பு ராவும் பகலும் எரியுது. எங்கூட்டுக்காரருதான் வெறகு தள்ளறாரு. அந்த அடுப்பு வயிறு எம்புள்ளைங்க ஆறு பேரு வயித்தவிடப் பெருசு."

"ஃபாரஸ்ட் கார்டு புடிக்க மாட்டானா?"

"ஆலை வெறகுன்னா அவரு அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு. நானா எனக்கு ஒடிச்சாத்தான் அருவாளப் புடுங்குவாரு."

கொஞ்ச தூரம் போனதும் தானாகவே சொன்னாள். "முன்ன ஏரிக்குக் கீழ உங்க வயல்ல நடவு இருந்திச்சு, களை இருந்திச்சு. நான் ஏன் கரட்டுக்கு வரப்போறேன்? இப்ப நாத்து நட்டா வேர் அழுவிப் போவுது. பொழப்பக் கெடுத்ததும் ஆலைக்காரருதான். வெறகு வாங்கிக்கிட்டுக் கஞ்சி ஊத்தறதும் அவருதான். நல்ல மனுசரு, போங்க."

உசிலையும் வாகையும் நின்ற இடத்தில் இப்போது வெறும் அடிக்கட்டைகள். துளிர் விட்டால் ஆடு தின்கிறது. அந்த மரமெல்லாம் ஆலை அடுப்பில் எரிந்து, சவ்வரிசியாகி, வடக்கே யார் யாருக்கோ பாயசமாகப் போய்விட்டது. மிச்சமான அழுக்கு எங்களுக்கு. பிள்ளை பெற்ற பழி தீர்த்தம்மாளுக்கு. தம்பி, படம் போட்டவர்கள் அந்த அடுப்பையும் வரைந்தார்களா?

உனக்கும் நாலு பிள்ளைகள். தினம் வெந்நீரில் குளிக்கிறார்கள். விறகுக்கடையில் வாங்கினால் அது வானத்திலிருந்து விழுந்த விறகாகிவிடுமா?

கோபத்தில் எழுதிவிட்டேன். இருந்தாலும் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

பாக்கியமேரி

*

கல்லேரிப்பட்டி,
16-5-1976

அன்புத் தம்பிக்கு,

பொங்கலுக்கு எழுதினதற்கு நீ பதில் போடவில்லை. தவக்காலமும் போய்விட்டது, பாஸ்குத் திருநாளும் போய்விட்டது. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கோபம் என்றால் கோபம் என்று ஒரு கார்டு போட்டிருக்கலாம்.

கோடையில் ஏரி வற்றி நடுவில் ஒரு குட்டை மட்டும் இருக்கிறது. முழுக்க ஆலைத் தண்ணீர். கறுப்புச் சளி மாதிரி இழுக்கிறது. அதிலிருந்து கொசு எழுந்தால் சாயங்காலம் வாயைத் திறந்து செபம் சொல்ல முடியவில்லை. நம் கிணற்றிலும் வாடை வந்துவிட்டது. துணியை நனைத்து வடிகட்டிப் பார்த்தேன். துணியில் நார் நாராகப் படிகிறது. அந்தத் தண்ணீரைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறேன். கொடுக்கும்போது என் கையைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நம் பங்குச் சாமியாரிடம் சொன்னோம். "சமாதானமாகப் போங்கள்" என்றார். அவர் அறையில் சித்தப்பா வாங்கிக்கொடுத்த மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் உன் மாமாவும் இன்னும் சிலரும் தருமபுரிக்கே வந்து பெரிய அதிகாரியிடம் மனு கொடுக்கப்போகிறார்கள். கீழ்த்தெரு சென்னப்பன் வருகிறார், வயசான காலத்திலும். தீர்த்தம்மாள் புருஷன் மாதுவும் வருகிறான். ஆலையிலேயே வேலை செய்துகொண்டு வருகிறான் என்றால் பார்த்துக்கொள். அவன் கடைசிப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் புண். அதிகாரியைப் பார்க்க நீ ஏற்பாடு செய்ய வேண்டும். மற்றதெல்லாம் விடு. இது ஒன்று செய்.

அக்கா

*

தருமபுரி,
7-6-1976

பிரியமுள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலமே. நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். முந்தின கடிதங்களுக்கு எழுத நேரமில்லை. இப்போது காலம் முன்போல் இல்லை. கடிதத்தில் கண்டபடி எழுதாதீர்கள். சித்தப்பாவின் பெயரையும் எழுத வேண்டாம்.

எங்களுக்கு மேலிருந்து நெருக்கடி அதிகம். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு மாதாமாதம் இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. குறைந்தால் சம்பளத்தை நிறுத்துகிறார்கள். தூக்கமில்லை, அக்கா. ஆரோக்கியத்திடம் எரிந்து விழுகிறேன்.

மனு விஷயம். வருகிற 22-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வரச் சொல்லுங்கள். கூட்டமாக வர வேண்டாம், கலவரம் என்பார்கள். நாலைந்து பேர் போதும். மாமா கட்டாயம் வரட்டும். அலுவலக வாசலில் என் பெயரைச் சொன்னால் உள்ளே விடுவார்கள்.

தம்பி அருள்சாமி

*

தருமபுரி,
19-7-1976

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? மனு கொடுத்தது என்னவாயிற்று என்று நீங்கள் எழுதவே இல்லை. அன்று திடீரென்று என்னைப் பென்னாகரம் பக்கம் டூட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். மாமாவைப் பார்க்க முடியாமல் போனது. திரும்பி வரும்போது ராத்திரி ஆகிவிட்டது.

மாமா வேலைக்குப் போகிறாரா? மிக்கேலின் கால் தேவலையா? பதில் போடுங்கள்.

அருள்சாமி

*

கல்லேரிப்பட்டி,
15-8-1976

தம்பிக்கு,

கடிதம் வந்தது. மோட்ச ராக்கினி மாதா திருநாள் இன்று. கோயிலுக்குப் போய் வந்து எழுதுகிறேன்.

மிக்கேலின் கால் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு ஆடும் செத்தன. கம்பு விதைக்கவில்லை. உன் மாமா கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுப் போன வாரம்தான் வீட்டுக்கு வந்தார். குனிந்து நடக்கிறார். என்ன வியாதி என்று நீ கேட்பாய். எழுத மனசில்லை.

நீ டூட்டிக்குப் போன அன்றைக்குப் பென்னாகரத்தில் மழை பெய்ததா?

பாக்கியமேரி

*

தருமபுரி,
12-9-1976

பாசமுள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் மாமாவைக் குணப்படுத்துவார். ஆர்லிக்ஸும் ஒரு டானிக்கும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு வேளை கொடுங்கள்.

அன்று பென்னாகரத்தில் மழை இல்லை. வெயில்தான்.

ஒரு சந்தோஷ சமாச்சாரம். எங்கள் வட்டத்தில் அதிகம் பேரைச் சேர்த்ததற்காக எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மேடையில் மாலை போட்டார்கள். ஆரோக்கியமும் பிள்ளைகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நம் அப்பா இருந்து பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

நேரம் கிடைக்கும்போது வருகிறேன்.

அருள்சாமி

*

கல்லேரிப்பட்டி,
10-10-1976

அருள்சாமிக்கு,

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்கவில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய்.

ஆர்லிக்ஸைச் சென்னப்பன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். உன் மாமா அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் வாந்தி எடுத்தார்.

உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன். என் கையால் ஒரு தடவை எழுதியாக வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஊரிலிருந்து வந்தவர்கள் அலுவலக வாசலில் உன் பெயரைச் சொன்னார்கள். சேவகன், "அதிகாரி கேம்ப்ல இருக்காரு. இந்த லாரியில ஏறுங்க, நேரா அங்கயே பார்த்துக் குடுத்துடலாம்" என்றான். கிழங்கு ஏற்றுகிற லாரி. உள்ளே புளித்த நாற்றம். ஏறின பிறகுதான் அது ஆலை லாரி என்று மாதுவுக்குத் தெரிந்தது. அப்போது ஆலை மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்து, "டேய் மாது, நீ நம்ம ஆளுடா. அடுப்புக்கு ஆள் இல்ல, எறங்கு" என்று அவனை மட்டும் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். ஆறு பிள்ளை பெற்றவனை இறக்கிவிட்டார்கள், அருள்சாமி. நாடே அவனைப் போன்றவனால்தான் அழுக்காகிறது என்று எனக்கு எழுதினாயே, அவனை இறக்கிவிட்டார்கள். ஆலைக்கு அவன் உடம்பு வேண்டும்.

மற்றவர்களைக் கல்யாண மண்டபம் ஒன்றில் கொண்டுபோய் இறக்கினார்கள். வாசலில் போலீஸ். உள்ளே வரிசையாகப் பெஞ்சு. தரையில் ரத்தம் தோய்ந்த பஞ்சும், சாப்பிட்டுப் போட்ட எச்சில் இலையும் ஒரே மூலையில் கிடந்தன என்று உன் மாமா சொன்னார். ஈ இரண்டிலும் மாறி மாறி உட்கார்ந்ததாம்.

சென்னப்பன், "எம் பொண்டாட்டி செத்து வருசக்கணக்காச்சுங்க. எனக்கு எதுக்குங்க இது?" என்று கும்பிட்டிருக்கிறார். "படு பெருசு, கணக்குக்கு ஆவும்" என்றார்களாம். பேரன் எடுத்த கிழவனைப் படுக்கவைத்து அறுத்தார்கள்.

உன் மாமா, "எனக்கு ஒத்தப் பொண்ணுதாங்க. நான் மனு குடுக்க வந்தவன். எம் மச்சான் இங்க இன்ஸ்பெக்டர்" என்று கத்தினார். கத்தும்போது தூணுக்குப் பக்கத்தில் உன்னைப் பார்த்தார். நீயும் அவரைப் பார்த்தாய். அதற்குப் பிறகு நீ மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாயாம். "அவன் சட்டையில கேம்ப் சீட்டு குத்தியிருந்தான். ஊசி போடுற வரைக்கும் அவன் முதுகத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

ஒரு வேட்டியும் பிளாஸ்டிக் வாளியும் கொடுத்து அனுப்பினார்கள். மனுவை வாங்க ஆள் இல்லை.

உன் மாமா வெட்கத்தில் என்னிடம்கூடச் சொல்லவில்லை. தையல் ஆறுவதற்குள் வயலில் இறங்கினார். ஏரித் தண்ணீர் பட்டுப் புண் பழுத்து, வீங்கி, நினைவு தப்பின பிறகுதான் வேட்டியை அவிழ்த்துப் பார்த்தேன். அந்த நாற்றம் எனக்குப் பழக்கமான நாற்றம். ஏரியின் நாற்றம். ஆஸ்பத்திரி சிஸ்டர் அம்மா கழுவும்போது அவர்களே முகத்தைச் சுளித்தார்கள். உயிர் பிழைத்தது அவர்கள் கைராசி.

எனக்கு இன்னொரு பிள்ளை பிறக்க ஆரோக்கியத்தை வேண்டிக்கொள்ளச் சொல்லி எழுதியிருந்தேன். இனி அவள் வேண்ட வேண்டாம்.

தெரிந்தே வரவழைத்தாயா, தெரியாமல் நடந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை. நீ எதைச் சொன்னாலும் எனக்கு அது அந்தக் குட்டைத் தண்ணீரைக் குடிக்கிற மாதிரி இருக்கும்.

பாக்கியமேரி

*

தருமபுரி,
27-2-1977

அக்காவுக்கு,

இத்தனை மாதமாக எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். முடியவில்லை. ஆரோக்கியம் அடிக்கடி உங்களைக் கேட்கிறாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் செய்த காரியம் இங்கே அலுவலகம் வரை வந்துவிட்டது. புது ஆலைத் திறப்பு விழாவுக்கு வந்திருந்த பெரிய மனிதர்கள் முன்னால் சித்தப்பாவுக்கு எவ்வளவு அவமானம்! அவர் என்னை நேரில் வரவழைத்தார். நீங்களும் தீர்த்தம்மாளும் ஒரு தாளில் மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் போதும், வழக்கு இல்லாமல் முடித்துக்கொள்கிறேன் என்கிறார். எனக்கு மேல் பதவி வருகிற சமயம். என்னை நினைத்தாவது எழுதிக் கொடுங்கள்.

பாஸ்குக்கு ஆரோக்கியத்தையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றிருக்கிறேன். மாமாவின் காலில் விழவும் தயார். வரலாமா?

அருள்சாமி

*

கல்லேரிப்பட்டி,
2-4-1977

அருள்சாமிக்கு,

உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். அவர்கள் ஒரு பாவமும் செய்யவில்லை.

மன்னிப்பு எழுத மாட்டேன். என்ன நடந்தது என்று சித்தப்பா வாயால் கேட்டிருக்கிறாய். என் வாயாலும் கேள்.

ஆலைக்குப் பக்கத்திலேயே இரண்டாவது ஆலை கட்டி முடித்து, திறப்பு விழா வைத்தார். பந்தல், மேளம், வெள்ளைச் சட்டைக்காரர்களின் கார்கள். சவ்வரிசி காயவைக்கிற சிமெண்டுக் களத்தில் ஒரு பக்கம் சவ்வரிசி, இன்னொரு பக்கம் பந்திப்பாய். நம் சாமியார் தீர்த்தம் தெளித்தார். பட்டப்பகல். விறகுக்காரப் பெண்கள் எப்போதும்போல் தலைச்சுமையோடு வரிசையாக வந்தோம். அன்று நானும் ஒரு கட்டு சுமந்தேன். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. விறகு சுமப்பவளின் முகத்தை யார் பார்ப்பார்கள்?

அடுப்புப் பக்கம் போகாமல், கழிவு வெளியேறுகிற கால்வாய் வாய்க்குப் போனோம். தீர்த்தம்மாள்தான் முதல் கட்டை அதற்குள் போட்டாள். ஒருவர் பின் ஒருவராகப் போட்டோம். ஆலையின் சக்கை, திப்பி என்பார்களே, அது அங்கேயே மலையாகக் குவிந்து புழு நெளிந்துகொண்டு கிடக்கிறது. அதைக் கூடை கூடையாக வாரி மேலே கொட்டி மிதித்தோம். கணுக்கால் வரை புழு. எங்களோடு விறகு சுமக்கிற குள்ளம்மாள் குமட்டிக்கொண்டே மிதித்தாள்.

புது ஆலையின் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் போக வழியில்லை. எதிர்த்துத் திரும்பிற்று. நுரையும் தோலும் திப்பியுமாகக் களத்தில் ஏறி, சவ்வரிசியை மூழ்கடித்து, பந்தியில் உட்கார்ந்தவர்களின் இலைக்கு அடியில் போயிற்று. வடையும் பாயசமும் மிதந்தன. பெரிய மனிதர்கள் வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு காருக்கு ஓடினார்கள். ஒருவர் வழுக்கி விழுந்து எழுந்தபோது மீசையெல்லாம் திப்பி. சித்தப்பா என்னைப் பார்த்துவிட்டார்.

"பாக்கியம், நீயா? நம்ம சனமா இருந்துக்கிட்டு இப்படிச் செய்யலாமா?"

"எங்க வூட்டுல தினமும் இதுல உக்காந்துதான் சாப்பிடறோம் சித்தப்பா. நீங்களும் ஒரு நாளைக்கு உக்காருங்க" என்றேன்.

போலீஸ் ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்காரவைத்தார்கள். எங்கள் மேலிருந்து வந்த நாற்றம் பொறுக்காமல் வாசலுக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள். சாட்சி சொல்ல வேண்டுமென்றால் ஓடின பெரிய மனிதர்கள் ஓடினதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் வழக்கு எழுதவில்லை. சித்தப்பாவின் பெருந்தன்மை என்று நினைத்து ஏமாறாதே.

ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிறாயா? கால்வாயை வெட்டித் திருப்பிவிட்டார். இப்போது கழிவெல்லாம் பக்கத்து ஊரான மாரியம்பள்ளத்து ஏரிக்குப் போகிறது. எங்கள் ஊரில் தேங்காய் உடைத்தார்கள். கேட்டதும் எனக்கு உடம்பு கூசிற்று. சென்னப்பனிடம் போனேன். அறுபட்ட மனுஷன், அவராவது அந்த ஊருக்குப் போய்ச் சொல்ல வருவார் என்று.

"நம்ம ஏரிக்கு வரலல்ல? பேசாம இரு ஆத்தா" என்றார்.

நானும் உன் மாமாவும் தீர்த்தம்மாளும் மாரியம்பள்ளத்துக்கு நடந்து போய்ச் சொன்னோம். உன் மாமா அன்றைக்குத்தான் வாய் திறந்து நாலு பேர் முன்னால் பேசினார். தனக்கு நடந்ததையும் சொன்னார். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் அவர்கள் ஊர்க் கவுண்டர் சொன்னார்: "ஆலைக்காரரு எங்க மாரியாத்தாளுக்குக் கோபுரம் கட்டித் தர்றேன்னு சொல்லியிருக்காரு. முதல்ல அது முடியட்டும்."

மூன்று பேரும் திரும்பி நடந்தோம்.

தீர்த்தம்மாள் வீட்டு விறகை இனி ஆலை வாங்காது. மாதுவையும் நிறுத்திவிட்டார்கள். பெங்களூரில் மாடி வீடுகள் கட்டுகிறார்களாம். கல் சுமக்க ஆறு பிள்ளைகளோடும் போய்விட்டார்கள். அங்கேயும் யாராவது ஒருவர் அவள் குடிசையைப் பார்த்து, இவர்களால்தான் ஊர் அழுக்காகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

உன் மாமாவிடம் நீ வருகிறாய் என்று சொன்னேன். ரொம்ப நேரம் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். பயப்படாதே, சோளத்தட்டை அறுக்க. அப்புறம் சொன்னார்: "வரட்டும். காலுல எல்லாம் வுழ வேணாம். எதுத்தாப்புல உக்காந்து ஒரு வேளை சாப்புட்டுட்டுப் போவட்டும்." அவ்வளவுதான் சொன்னார். அது உன்னால் ஆகுமா என்று நீயே பார்த்துக்கொள். ஆகும் என்றால் வா.

ஏரிக்குக் கழிவு வருவது நின்றாலும் கிணறு இன்னும் தெளியவில்லை. எத்தனை வருஷம் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க வேண்டும். அதற்கு இங்கே வழியில்லை.

பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவா.

பாக்கியமேரி